சங்கு குத்திய ரூபாய்

சொட்டு மருந்து விட்டிருக்கு, அரை மணி நேரம் அப்பா கண்ணத் திறக்கக் கூடாது, உட்காருங்க ஆன்ட்டின்னு சொல்லிட்டு லீமா அடுப்படிக்குப் போயிட்டா. உட்கார்ந்துட்டேன். நல்லதாப் போச்சு, யோசிக்க அரை மணி கிடைச்சுதுன்னு மனசு சொல்லுது. என்னத்த நல்லது. நாலு வருசம் கிடைச்சே ஒண்ணும் கிழிக்காதவ அரை மணியில என்ன கிழிச்சிரப் போறேன். மணி பத்தரை. பதினோரு மணிக்கு லீமா தட்டார் கடைக்குக் கிளம்புவா. அந்த ரூபாயும் அவ கூடப் போகும். உருக்குனதுக்கு அப்புறம் நான் வாயத் திறந்தா என்ன, மூடுனா என்ன. நேத்து சாயங்காலம் அவ போன் பண்ணுனப்போ நான் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தேன். "ஆன்ட்டி, அப்பா காசையெல்லாம் பிரிச்சுக் கொடுக்காங்க. கண்ணு இனிமே முன்ன மாதிரி தெரியாதுல்லா, அதான். அந்த ஒரு ரூபா மட்டும், சங்கு குத்துனது, நீங்க போலின்னு சொன்னீங்கள்ளா, அத உருக்கி எம் பேத்தி கொலுசுல சேத்துக்கங்காங்க. எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னுதான்." ஒரு வார்த்தை. உருக்கிக்கோன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நாளைக்கு நானே வாரேன்னு சொல்லி வச்சுட்டேன். வச்சுட்டு, காம்பையும் சேத்து உருவிச் சட்டியில போட்டிருக்கேன், சாப்பிடும்போதுதான் பல்லுல நெருடுச்சு.

அது போலி இல்ல. ஆறு வருசத்துக்கு முன்னாடி நாற்பது பேர் கூடியிருந்த கூட்டத்துல போலின்னு சொன்னவ நான். தப்பாச் சொன்னேன். மனசுக்குள்ள சொல்லும்போது எவ்வளவு சின்னதா இருக்கு. தப்பாச் சொன்னேன். ஒரு பல்லப் பிடுங்குறதுக்குக்கூட இதவிட நேரமாகும். இதச் சொல்லத்தான் டவுன்ல இருந்து ரெண்டு பஸ் மாறி இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கேன். இந்த ஃபேன் ஏன் இப்படி தலைய ஆட்டிக்கிட்டே சுத்துது. மீன் குழம்பு கொதிக்குற வாசம் வேற. எனக்கு அறுபத்தாறு வயசு, ஒரு மனுசன் படுக்கையில இருந்து எந்திரிச்சு வர்றதுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கேன். அவர் என்ன அடிக்கவா போறார். சவரிராயன் சார் யாரையாவது அதட்டிக்கூட நான் பார்த்ததில்ல. அதட்டுறவரா இருந்தா எவ்வளவு வசதி. அன்னைக்கே கத்தியிருப்பார், நானும் கத்தியிருப்பேன், நோட்டத் தூக்கிப் போட்டுச் சண்டை பிடிச்சு, அந்தச் சண்டையிலேயே உண்மை வெளிய வந்திருக்கும். இப்படியொரு நல்ல மனுசன்கிட்ட தப்புப் பண்ணக் கூடாது. பண்ணுனா திருத்த வழியே விடமாட்டாங்க.

எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சது ஒரே கிறுக்கு. பழைய வெள்ளி ரூபாய் மேல வியாபாரிங்க குத்தி வச்ச முத்திரை. அந்தக் காலத்துல கைக்கு வந்த ரூபா நல்ல வெள்ளியான்னு தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, சரின்னு பட்டா ஒரு சின்ன உளிய வச்சு ஒரே அடி. நான் பார்த்துட்டேன், நம்பி வாங்கலாம்னு அர்த்தம். நாணயம் மாத்துறவன் குத்துவான், ஜவுளிக்காரன் குத்துவான், கருப்பட்டி மண்டிக்காரன் குத்துவான். பூ இருக்கும், மீன் இருக்கும், தராசு இருக்கும், சிலதுல ஒத்த எழுத்து. மத்த காசுக்காரங்களுக்கு இதெல்லாம் பழுது. காசுல இருக்குற ராணி கன்னத்துல எவனோ குத்திக் கெடுத்து வச்சிருக்கான்னு ஒதுக்கிருவாங்க. அந்த ஒதுக்குனதுதான் எங்களுக்கு வேணும். ராணி ஊர் பூரா ஒரே ராணிதான், அவளைப் பார்த்து என்ன ஆகப்போகுது. ஆனா இந்தக் குத்து, இது ஒரு ஆளோட கை. ஒருத்தன் திண்டுல சாஞ்சு உட்கார்ந்து, இந்த ரூபாய நம்புறேன்னு யோசிச்சு அடிச்ச அடி. சில குத்து ஆழமா இருக்கும், சிலது ஒருக்களிச்சு விழுந்திருக்கும். ஒருக்களிச்சு விழுந்தத சார் கையில வச்சுக்கிட்டு, "இவன் அன்னைக்கு அவசரத்துல இருந்திருக்கான்மா"ன்னு சிரிப்பார். ரயில்வே பட்டறையில முப்பத்தெட்டு வருசம் ஃபிட்டர். இரும்பு மேல சுத்தியல் விழுற கோணம் அவருக்குத் தெரியாதா.

காசு சேகரிப்போர் சங்கத்துல என்னைச் சேர்த்ததே அவருதான். நான் அப்போ பல் ஆஸ்பத்திரியில பல்செட் செய்யுற வேலையில இருந்தேன். பொம்பளை வந்து உட்கார்ந்தா நம்ம சகஜமாப் பேச முடியாதுய்யான்னு ஒருத்தர் எந்திரிச்சே சொன்னார். சார் எந்திரிச்சார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலிய எம்பக்கம் தள்ளிவிட்டுட்டு, கூட்டம் முடியுற வரைக்கும் ரெண்டு மணி நேரம் சுவத்துல சாஞ்சு நின்னார். நான் செய்யுற வேலையே அவருக்கு ஆச்சரியம். பல்லு அச்செடுக்குற மெழுகத் தகடாக்கி, லேசா வாட்டி, காசு மேல வச்சு அமுக்கி எடுப்பேன். முத்திரை அப்படியே மெழுகுல புடைச்சு நிக்கும். காசுல பள்ளமா இருக்குறப்போ கண்ணுக்குத் தெரியாத கோடெல்லாம் மெழுகுல தெரியும். கோடு தெளிவில்லாத காசுக்கு அதப் பார்த்துத்தான் நோட்டுல படம் வரைவேன். "ஜில்லாவுலயே இப்படி யாரும் பண்ணுனதில்ல, செண்பகம்மா"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பார். செண்பகவடிவுங்குற பேர செண்பகம்மான்னு சுருக்குனதும் அவருதான், அப்புறம் சங்கம் பூரா செண்பகம்மா. அவருக்குக் கீழ்வரிசைப் பல்செட் நான்தான் செஞ்சு கொடுத்தேன். முதல் நாள் போட்டுக்கிட்டு முறுக்கு தின்னு காட்டுனார். யோசிச்சுப் பாக்கேன், போலின்னு நான் சொன்ன அன்னைக்குக் கூட்டத்துல அவர் கடிச்சு அடக்குனது நான் செஞ்ச பல்லத்தான்.

அன்னைக்கு அந்த ரூபாய சார் நீல வேட்டித் துணியில பொதிஞ்சு கொண்டு வந்தார். இல்ல, கைக்குட்டை. நீலக் கைக்குட்டை. கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தார். "செண்பகம்மா, இதப் பாருங்க, உங்க சங்குக்காரரு கிடைச்சிட்டாரு"ன்னு மேசையில வச்சார். தூத்துக்குடியில சங்கு வியாபாரம் பண்ணுன யாரோ ஒருத்தர் குத்துன முத்திரை அது. பேரு கிடையாது, வெறும் சங்கு. எங்கிட்ட அதுல ஒண்ணு முன்னாடி இருந்துச்சு. படத்த வரைஞ்சு வச்சுக்கிட்டு, புத்தி கெட்டுப்போய் அத வேற ஒரு காசுக்கு மாத்திவிட்டேன். அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருசமா யார் கண்ணுலயும் படல. நான்தான் வாரம் ஒரு தடவை அதச் சொல்லிப் புலம்புவேன், அவர் எனக்காகத்தான் தேடியிருக்கார். எனக்காகத் தேடியிருக்கார். இது எனக்கு அப்போ உறைக்கவே இல்லையே. நாற்பது பேரு என்னையே பார்க்காங்க, செண்பகம்மா என்ன சொல்லப்போறான்னு. நோட்டத் திறந்தேன். என் படத்துல வலம்புரிச் சங்கு. அவர் ரூபாயில சுழி எதிர்ப்பக்கம், இடம்புரி. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு துள்ளல். கண்டுபிடிச்சிட்டேன்ங்குற துள்ளல். அந்தத் துள்ளல் இருக்கே, அதுதான் என்னைக் கெடுத்துச்சு.

சங்கு வியாபாரி மங்கலமா வலம்புரியத்தான போடுவான், தெருவுல உருளுற இடம்புரியவா போடுவான்னு ஆரம்பிச்சேன். முத்திரை வெட்டுறவன் கண்ணாடியில தெரியுற மாதிரி இடம் வலம் மாத்தி வெட்டணும், அப்பத்தான் காசுல நேரா விழும், இத வெட்டுன ஆளுக்குப் பாவம் அது தெரியல, நேரா வெட்டிட்டான், காசுல திரும்பி விழுந்துட்டுது, இது போலின்னேன். கை தட்டுனாங்க. தட்டுனாங்கன்னா நாலஞ்சு பேரு. பொருளாளர் உலகநாதன் பின்னாடியிருந்து, "சார் ஃபிட்டரால்லா இருந்தாரு, உளியெல்லாம் வீட்டுலயே கிடக்குமே"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும். புன்னகைன்னு இத்தனை வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். புன்னகையில்ல, சிரிப்புதான், பல்லெல்லாம் தெரிஞ்சுது. சார் என் நோட்ட ஒரு தடவை குனிஞ்சு பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சரிம்மா, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னுட்டு ரூபாய மறுபடியும் கைக்குட்டையில மடிச்சார். நாலு மூலையையும் ஒவ்வொண்ணா மடிச்சார். அவ்வளவு நிதானமா ஏன் மடிக்கணும். அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரல, அதுக்கடுத்த மாசமும் வரல. ரயில்வேக்காரருக்குக் கையில தொழில் இருக்கு, ஆசைப்பட்டு ஒண்ண அடிச்சுப் பார்த்துட்டார் போலன்னு பேச்சு ஒண்ணு சங்கத்துல அப்படியே தங்கிப்போச்சு. நான் அதச் சொல்லல. சொல்லலையே தவிர, இல்லைன்னும் சொல்லல.

லீமா காபி கொண்டு வந்து வச்சா. இன்னும் கால் மணி நேரம் ஆன்ட்டி, அரை மணி முடிஞ்சாத்தான் கண்ணத் திறப்பாங்க, டாக்டர் சொன்னா சொன்னதுன்னா. அவ இடுப்புல பர்ஸ் இருக்கு. ரூபா அதுக்குள்ளதான் இருக்கணும். காபியில ஆடை படியுது, எடுத்துப் போட ஸ்பூன் கேக்கலாம், கேக்க வாய் வரல. பல் அச்செடுக்குறவளுக்கு இடம் வலம் மாறும்னு தெரியாதா. முப்பது வருசம் தினம் தினம் பார்த்தது அதுதான. வாய்க்குள்ள இடது பக்கம் இருக்குற ஓட்டப் பல்லு அச்சுல எதிர்ப் பக்கம் நிக்கும், சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருவேன். அந்தப் படத்த நான் காசப் பார்த்து வரையல. மெழுகப் பார்த்து வரைஞ்சேன். மெழுகப் பார்த்து வரைஞ்சா படம் இடம் வலம் மாறியிருக்குன்னு தெரிய பக்கத்துல 'மெ'ன்னு ஒரு எழுத்து போடுறது என் வழக்கம். அந்த ஒரு படத்துக்கு மட்டும் போடல. ஏன் போடலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, அடுப்புல பால் பொங்குச்சோ, யாரும் கூப்பிட்டாங்களோ. காசும் கைய விட்டுப் போயிட்டுது. இருபத்தஞ்சு வருசம் கழிச்சு அந்தப் படத்த நேரான படம்னு நம்பி உட்கார்ந்திருக்கேன். முத்திரை வெட்டுனவனுக்கு இடம் வலம் தெரியலன்னு ஊரக் கூட்டிச் சொன்னேனே, தெரியாமப் போனது எனக்கு.

நாலு வருசத்துக்கு முன்னாடி, வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரிய ஒதுக்குனப்போ பழைய பவுடர் டப்பா ஒண்ணு கிடைச்சுது. உள்ள ரோஸ் கலர் மெழுகுத் துண்டு. சங்கு. கண்ணுல பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இருந்தும் நோட்ட எடுத்து வச்சுப் பார்த்தேன். படமும் மெழுகும் ஒண்ணு. அப்போ காசு மெழுகுக்கு நேர்மாறா இருக்கணும். அப்போ காசுல இருந்தது இடம்புரி. அப்போ சார் கொண்டு வந்தது நல்ல காசு. யோசிச்சா அதுதான நியாயம், சங்கு வியாபாரி லட்சக்கணக்குல கல்கத்தாவுக்கு வளையலுக்கு அனுப்புனது இடம்புரியத்தான், வலம்புரி அவன் ஆயுசுலயே நாலு பார்த்திருந்தா அதிகம். தன் சரக்கத்தான் ஒருத்தன் முத்திரையாப் போடுவான். மங்கலமாவது மண்ணாங்கட்டியாவது. வெள்ளையடிக்க வந்த ஆளு, அம்மா சுண்ணாம்பு கரைக்க வாளி எங்கன்னு மூணு தடவை கேட்டான். மெழுகத் திருப்பி டப்பாவுல போட்டு மூடிட்டேன்.

அன்னைக்கே வந்திருக்கணும். பஸ் இருந்துச்சு, கால் நல்லா இருந்துச்சு. ஆனா சங்கத்து வெள்ளிவிழா புத்தகம் அச்சுக்குப் போயிருந்துச்சு. நான் எழுதுன புத்தகம். அட்டையிலயே அந்த வலம்புரிப் படம். புத்தகம் வந்துரட்டும்னேன். வந்ததும் பாராட்டுக் கூட்டம் முடியட்டும்னேன். அப்புறம் என்னையே தலைவராப் போட்டாங்க, முதல் பொம்பளைத் தலைவர், பேப்பர்ல படம் வந்துச்சு, இந்த நேரத்துல எப்படின்னேன். அப்புறம் சார் சம்சாரம் தவறிட்டாங்க. துக்க வீட்டுல போய் காசப் பத்தியா பேசுறதுன்னு எனக்கு நானே நல்ல பேரு கொடுத்துக்கிட்டேன். இதே ஹால்லதான், அந்தா அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மாலை வாசத்துக்கு நடுவுல என்னைப் பார்த்துக் கேட்டார், "சங்கம் நல்லா நடக்காம்மா?" நல்லா நடக்கு சார்னேன். "அது போதும்"னார். வீட்டுக்காரிய இழந்து உட்கார்ந்திருக்குற மனுசன் கேட்ட கேள்வி அது. அவர் உயிரே அந்தச் சங்கத்துலதான் இருந்திருக்கு. அவர விரட்டிட்டு நான் அதுக்குத் தலைவரா உட்கார்ந்திருக்கேன். அசிங்கம். வேற வார்த்தை தேட வேண்டாம்.

சரி, இன்னைக்குச் சொல்லிருவேன். சார், அந்த ரூபா நல்ல ரூபா, தப்பு எம்மேல, மெழுகப் பார்த்து வரைஞ்சத மறந்துட்டேன். இந்த மட்டும் வந்துரும். இதச் சொன்னா அவர் சிரிக்கக்கூடச் செய்வார். அடுத்ததுதான் பயம். எப்போ தெரிஞ்சுதுன்னு கேட்பார். கேட்காம இருப்பாரா, யாரா இருந்தாலும் அதத்தான முதல்ல கேட்பாங்க. மறந்தது ஒரு தப்பு, மனுசி செய்யுறதுதான். தெரிஞ்சும் நாலு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தது அதுல சேராது. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். நாலு வருசம் ஆச்சு சார். அவ்வளவுதான், வளைக்காமச் சொல்லிரணும். நாலு வருசம் ஆச்சு சார். சொல்லிச் சொல்லிப் பார்த்தா நாக்குக்குப் பழகிரும். நாலு வருசம் ஆச்சு சார்.

"என்ன ஆன்ட்டி, செபமா?" லீமா சேலைய மாத்திக்கிட்டு வந்து நிக்கா. உதடு அசையுறத அவ பார்த்திருக்கா. ஒண்ணும் இல்லம்மான்னேன். உள்ள கட்டில் முனகுது. கால் தரையில தேயுற சத்தம். மணி பதினொண்ணுக்கு மூணு நிமிசம் இருக்கு, நாலு வருசம் ஆச்சு சார், சுவத்தப் பிடிச்சுக்கிட்டு வாரார், கருப்புக் கண்ணாடி முகத்துல பாதிய மறைக்கு, எவ்வளவு மெலிஞ்சுட்டார், சட்டைக் காலருக்குள்ள கழுத்து தனியா நிக்கு. நான் எந்திரிச்சேன். எந்திரிக்கும்போது முட்டி சடக்குன்னுது.

"யாரு, செண்பகம்மாவா. உட்காருங்க, உட்காருங்க. உருவம்தான் தெரியுது, முகம் தெரியல."

அவர் உட்கார்ந்ததும் சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே சொன்னேன். உருக்காதீங்க சார், அது நல்ல ரூபா, தப்பா வரைஞ்சது நான். மெழுகு, டப்பா, இடம்புரி எல்லாம் முன்னப்பின்ன வந்துச்சு, வந்துட்டுது. லீமா பர்ஸத் திறந்து ரூபாய எடுத்து அப்பா கையில வச்சா. அவர் கட்டைவிரலால ராணி கன்னத்தத் தடவி, அந்தச் சின்னப் பள்ளத்துல நகத்த வச்சார்.

"நல்ல ரூபாதாம்மா. அன்னைக்கே தெரியும். உங்க நோட்டப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, மெழுகப் பார்த்து வரைஞ்சிருக்கீங்கன்னு."

"அப்போ ஏன் சார் சொல்லல?"

"நாற்பது பேருக்கு முன்னாடியா? உங்கள உட்கார விடமாட்டேன்னவங்க பாதிப் பேரு அங்கதான இருந்தாங்க. நான் வாயத் திறந்தா அன்னைக்கோட உங்கள விரட்டியிருப்பாங்க. நீங்களே ஒரு வாரத்துல கண்டுபிடிச்சு வந்துருவீங்கன்னு நெனைச்சேன்." ரூபாயத் திருப்பிப் போட்டார். "எப்பம் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கருப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியிருக்கு. அதுல ஜன்னல் தெரியுது, நான் தெரியல. நாக்குல தயாரா நிக்கு, இத்தனை தடவை சொல்லிப் பார்த்தது.

"போன வாரம் சார்."

அவர் மூச்ச விட்டார். தோள் ரெண்டும் இறங்குச்சு. முகமே மாறிட்டுது, கண்ணாடிக்குக் கீழ இருக்குற முகம் மட்டும்தான் தெரியுது, அதுவே போதும். "போன வாரமா. சேசுவே, நல்லாச் சொன்னீங்க." லீமா பக்கம் திரும்புனார், மறுபடியும் எம்பக்கம் திரும்புனார். "ஒண்ணு சொல்லிருதேன்மா, மனசுல வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. வருசம் போகப் போக எனக்கு ஒரு கெட்ட நெனப்பு வந்துட்டுது. இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் சொல்லாம இருக்காங்கன்னு. இந்த ரூபாயப் பார்க்கும்போதெல்லாம் உங்களத் தப்பா நெனைச்சேன். சாகப்போற வயசுல எதுக்கு இந்தக் கசப்புன்னுதான் உருக்கச் சொன்னேன். போலின்னு இல்ல." ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். ரூபா உள்ளங்கைக்கு நடுவுல இருந்துச்சு. "உங்களப் போய் அப்படி நெனைச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்கம்மா."

லீமா என்னையே பார்த்துக்கிட்டு நிக்கா. அவர் கைய இறக்கல. நான் ஏதாவது சொல்ற வரைக்கும் இறக்க மாட்டார்.

"பரவாயில்ல சார்"னு சொன்னேன்.